இல்லத் திருச்சபையும் தறி ஓடும் வீடும்

முன்னுரை

குடும்பத்தைப் பற்றி நம் சபைகளில் பேசப்படுவது மிகுதி, சிந்திக்கப்படுவது குறைவு. திருமண ஆராதனையில் ஓர் அருளுரை, ஆண்டுக்கு ஒருமுறை குடும்ப ஞாயிறு, வீடு பிரதிஷ்டையில் ஒரு சங்கீதம் என்ற அளவோடு நமது குடும்ப இறையியல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையோ இரண்டாம் வத்திக்கான் சங்கக் காலம் முதல் இப்பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறது. 1980இல் குடும்பம் பற்றி ஆயர் மாமன்றம் ஒன்று கூடியது. அதன் பயனாக 1981 நவம்பர் 22ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட 'ஃபமிலியாரிஸ் கொன்சோர்சியோ' என்னும் ஊக்கவுரை, 86 பகுதிகளைக் கொண்ட விரிவான நூலாகும். பின்னர் 2014, 2015ஆம் ஆண்டுகளில் கூடிய மாமன்றங்களையடுத்து, திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் ஊக்கவுரையை வழங்கினார்.

இவ்விரு நூல்களையும், சிறப்பாக முதலாவதை, சேலம் - நாமக்கல் சமவெளியின் வீடுகளில் வைத்துப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அயல் சபையின் நூலைக் குறைகூறுவது நம் கருத்தன்று. 1827இல் இலண்டன் மிஷன் சேலத்தில் பணி தொடங்கியது. 1930இல் சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் நிறுவப்பட்டது. ஒரே மண்ணில், ஒரே தெருக்களில், பலவேளைகளில் ஒரே உறவினருக்குள்ளேயே இரு சபைகளும் வாழ்ந்து வருகின்றன. அவர்களுடைய போதனையை நாம் ஆராயும்போது நம்முடைய வறுமையும் வெளிப்படும் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொள்ளுகிறோம்.

1. போதனையின் சாரம்

கணவன் மனைவியர் தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் அறிவிப்பாளர்கள் என்றும், குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' எனக் கொள்ளலாம் என்றும் 1964ஆம் ஆண்டின் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு கூறியது. அடுத்த ஆண்டு வெளிவந்த பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஆணை, அக்கருத்தை வீட்டின் வாசலுக்கு வெளியே கொண்டு சென்றது. வீட்டில் நடக்கும் ஜெபமும், அயலாரை வரவேற்பதும், துன்புறுவோர்க்கு உதவுவதும் ஒரே பணியின் பகுதிகளாயின.

இரண்டாம் ஜான் பால் இதை முறைப்படுத்தினார். குடும்பத்துக்கு நான்கு கடமைகளை அவர் வகுத்தார்: மனிதரின் உறவுச் சமூகமாகத் திகழ்தல், உயிருக்குப் பணி செய்தல், சமுதாய வளர்ச்சியில் பங்குபெறல், திருச்சபையின் வாழ்விலும் பணியிலும் பங்குபெறல். இந்நான்கில் பின்னிரண்டும் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. குடும்பம் என்பது விசுவாசத்தைப் பெட்டியில் பூட்டிக் காக்கும் இடமன்று. விசுவாசம் பிறருக்குப் பணியாக மாறும் இடம் என்பதே அவர் கருத்து. பாத்திரம் கழுவுதல், நோயாளியின் அருகில் விழித்திருத்தல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து உலை வைத்தல் ஆகியவையும் இறைமக்களின் குருத்துவப் பணியே என்று இதனால் விளங்குகிறது.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. நான்காம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம், வீட்டை ஒரு சிறு சபையாக்குமாறு தம் மக்களுக்குப் போதித்தார். மார்ட்டின் லூத்தர் 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனின் செயலைக் கடவுளுக்கு உகந்த பணியாக மதித்தார். 1529இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் நோக்கத்துடனேயே அமைந்தது. துறவு மடத்தினின்று புனிதத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டு வந்தது சீர்திருத்தம். ஆயினும் அந்த உரிமைச் சொத்தை நாம் பேணவில்லை. கத்தோலிக்கர் அதைத் தம் வழியில் கண்டெடுத்துப் பேணினர். அன்பியங்கள் என்னும் வீட்டுக் குழுக்களும், வின்சென்ட் தே பவுல் சபையாரின் வீடு சந்திப்பும் அதன் கனிகள். அச்சபையை 1833இல் பாரிஸில் தோழர்களுடன் தொடங்கிய ஃபிரெடெரிக் ஓசனாம், பின்னர் திருமணம் செய்து ஒரு மகளை வளர்த்த பொதுநிலையினர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இத்துணை நன்மையையும் ஏற்றுக்கொண்ட பின்னரே நம் வினாக்களை எழுப்புகிறோம்.

2. வீடும் வேலையும்

ஊக்கவுரை கற்பனை செய்யும் வீடு எத்தகையது? தகப்பன் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகிறார். தாய் வீட்டிலிருக்கிறார், அல்லது வெளியே வேலைக்குப் போகக் கட்டாயப்படுத்தப்படுகிறார். மனைவியரும் தாய்மாரும் வீட்டுக்கு வெளியே உழைக்க நிர்ப்பந்திக்கப்படாதவாறு சமுதாயம் அமைய வேண்டும் என 23ஆம் பகுதி கேட்கிறது. இல்லறப் பணியின் மதிப்பை அது உயர்த்திப் பேசுவது நன்று. ஆயினும் வீடு ஒருபுறம், வேலை மறுபுறம் என்ற பிரிவினை அதன் அடியில் கிடக்கிறது.

குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் வீட்டுக்குள் இந்நூலை எடுத்துச் செல்வோமாக. பல வீடுகளில் தறி வீட்டோடு ஒட்டியே ஓடுகிறது. கணவன் இரவு ஷிப்டு முடித்து வரும்போது மனைவி பகல் ஷிப்டுக்குப் புறப்படுகிறாள். பாட்டி தார் சுற்றுகிறாள். தறியின் சத்தத்தில் குழந்தை உறங்கப் பழகிவிட்டது. இங்கே தாய் வீட்டுக்கு வெளியே உழைக்கவில்லை; வீடே அவளுக்குப் பட்டறையாகிவிட்டது. மாலை ஏழு மணிக்குக் குடும்பமாகக் கூடி ஜெபியுங்கள் என்று நாம் சொன்னால், எந்த ஏழு மணிக்கு என்று அவள் கேட்பாள்.

தறியுரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் இன்னொரு தளை. மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய தொகை தீரும்வரை வேறு பட்டறைக்குச் செல்ல முடியாது; வட்டிக்கடன் வேறு வந்து சேரும். பள்ளிபாளையம் பகுதியில் கடன் தாளாது விசைத்தறித் தொழிலாளர் தம் சிறுநீரகங்களை விற்ற செய்தி 2025ஆம் ஆண்டில் வெளிவந்து நாடறிந்ததாயிற்று. அயலாருக்காகத் தன்னைக் கையளிக்கும் குடும்பம் என்று நாம் இறையியல் பேசும் அதே ஊரில், குடும்பத்துக்காக ஒருவர் தம் உடலின் ஒரு பகுதியையே விற்கும் நிலை இருக்கிறது. இதைக் காணாத தியாக இறையியல் யாருக்குப் பயன்படும்?

லாரித் தொழிலையும் பார்ப்போம். நாமக்கல்லில் பாடி கட்டப்படும் லாரிகளும், அங்கிருந்து புறப்படும் எரிவாயு டேங்கர்களும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நாட்டின் நாற்புறமும் ஓடுகின்றன. ஓட்டுநரும் கிளீனரும் ரிக் தொழிலாளியும் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. வேலை குடும்பத்தைப் பிரிக்காமல் அதன் ஒற்றுமையை வளர்க்க வேண்டும் என்பது ஊக்கவுரையின் 25ஆம் பகுதி தகப்பனுக்குக் காட்டும் இலக்கு. ஊர் விட்டு ஊர் செல்லும் தொழிலாளரின் குடும்பங்களை 77ஆம் பகுதி பரிவோடு நினைவுகூருகிறது. ஆனால் சிறப்புச் சூழ்நிலைகளில் ஒன்றாகவே அவற்றை வைக்கிறது. உரோமையிலிருந்து நோக்கினால் அது விதிவிலக்கு. நாமக்கல்லிலிருந்து நோக்கினால் அதுவே விதி. எது இயல்பு, எது விலக்கு என்பதை முடிவு செய்யும் இடமே ஓர் இறையியலின் பிறப்பிடம் எனலாம்.

இங்கே திருமறை நமக்கு வேறொரு வீட்டைக் காட்டுகிறது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிற தொழிலாளர். உரோமையிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்தவர்கள். பின்னர் எபேசுவுக்குப் பெயர்ந்தவர்கள். பவுல் அவர்களோடு தங்கியது தொழில் ஒன்றாயிருந்தபடியால் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் பதினெட்டாம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் வீட்டில் கூடிய சபையைப் பவுல் தம் நிருபங்களில் இருமுறை குறிப்பிடுகிறார். பட்டறையும் சபையும் அங்கே வேறுவேறல்ல. புலம்பெயர்ந்த, கைத்தொழில் செய்கிற, கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கிற வீடே முதல் இல்லத் திருச்சபைகளுள் ஒன்று. அமைதியான வீட்டை இலட்சியமாக வைத்து, தறி வீட்டைக் குறைவுள்ளதாக எண்ணுவதைவிட, தறி வீட்டையே தொடக்கமாகக் கொண்டு சிந்திப்பது திருமறைக்கு நெருக்கமானது. அப்படிச் சிந்தித்தால், கூலி, வட்டி, ஷிப்டு நேரம் ஆகியவையும் குடும்ப ஊழியத்தின் பொருள்களாகும்.

3. வீடும் சாதியும்

1623ஆம் ஆண்டு இச்சமவெளிக்கு முக்கியமானது. மதுரையிலிருந்து புறப்பட்ட இராபர்ட் தெ நொபிலி அவ்வாண்டில் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். சேந்தமங்கலத்து நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் பின்னர் திருமுழுக்குப் பெற்றார். அதே 1623இன் தொடக்கத்தில், பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை மூடநம்பிக்கை நீக்கிப் பின்பற்றலாம் என்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி வழங்கியிருந்தார். அனுமதிக்கப்பட்டவற்றைக் கவனியுங்கள். அவை கோயிலின் சடங்குகளைவிட வீட்டின் அன்றாட வழக்கங்கள். நற்செய்தி இந்நாட்டில் வீட்டின் வழியாகவே நுழைய முயன்றது. அது நொபிலியின் பேரறிவு. ஆனால் அவ்வீட்டின் சுவர்கள் சாதியால் எழுப்பப்பட்டவை. பின்னாளில் சாதிக்கேற்ப வெவ்வேறு குருக்கள் என்ற ஏற்பாடும் மதுரை மிஷனில் எழுந்தது. வாசல் வழியே நுழைந்த நற்செய்தி, சுவரை அப்படியே விட்டுவிட்டது.

இரண்டாம் ஜான் பால் தம் ஊக்கவுரையில் குடும்பங்களை நோக்கி, தன் இயல்பை உணர்ந்து அதுவாகவே ஆகுமாறு அழைக்கிறார். படைப்பில் கடவுள் வகுத்த இயல்பையே அவர் கருதுகிறார் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் நம் சமவெளியில் அவ்வழைப்பு எப்படிக் கேட்கப்படும்? இங்கே குடும்பம் என்றால் குலம், கூட்டம், பங்காளி, சம்பந்தம். யாரோடு உண்பது, யாருக்குப் பெண் கொடுப்பது என்று காப்பதே குடும்பத்தின் மானம் என எண்ணப்படுகிறது. இத்தகைய குடும்பத்தை நோக்கி, நீ இருப்பதுபோல ஆகு என்று சொன்னால் போதாது. நீ இதுவரை இராத ஒன்றாக ஆகு என்றும் சொல்ல வேண்டும். அந்த ஊக்கவுரையில் சாதி தனிப் பொருளாக எழவில்லை. அதே திருத்தந்தை 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, சாதி வேறுபாட்டின் சாயல் எதுவும் மெய்யான மனித ஒற்றுமைக்கு மாறானது என்னும் பொருள்படக் கண்டித்துப் பேசினார். அக்கண்டனம் 1981இன் குடும்பப் போதனைக்குள்ளேயே இடம்பெற்றிருக்குமானால் எவ்வளவு நலமாயிருந்திருக்கும்! சாதி பிறப்பதும் வளர்வதும் குடும்பத்தில்தானே.

இது ஏட்டளவிலான வாதமன்று. 2015 ஜூன் திங்களில், திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குத் தோழியுடன் சென்ற தலித் இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார்; மறுநாள் இருப்புப் பாதையில் சடலமாகக் கிடந்தார். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு பெண்ணோடு பேசினான் என்பதற்காக ஓர் இளைஞன் உயிரிழக்கும் நாட்டில், குடும்பத்தின் புனிதம் என்று நாம் பேசும் சொல் எந்தக் காதில் எப்படி விழுகிறது என்பதை எண்ணிப் பேச வேண்டும். நம் ஆண்டவர் தம் தாயும் சகோதரரும் வெளியே காத்திருக்க, கடவுளின் சித்தம் செய்வோரே தமக்குக் குடும்பம் என்றார். அவர் குடும்பத்தை இகழவில்லை. குருதியின் எல்லையைத் தாண்டி அதைத் திறந்தார். திறவாத குடும்பம் திருச்சபை ஆகாது.

4. மகளின் உயிர்

நான்கு கடமைகளில் இரண்டாவது, உயிருக்குப் பணி செய்தல். இதைக் கருத்தடை பற்றிய விவாதமாகவே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அவ்விவாதத்தில் நமக்கும் கத்தோலிக்கருக்கும் கருத்து வேற்றுமை உண்டு. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. சேலத்து மண்ணில் அக்கடமைக்கு மற்றொரு பொருள் இருந்தது, இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. வளர்க்க இயலாத பெண் குழந்தையைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசே பெற்றோரைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. அரசுத் தொட்டிலொன்று வீட்டுத் தொட்டிலைவிடப் பாதுகாப்பானது என்பதே அதன் பொருள். 1994இல் கருவிலேயே பாலினம் அறிதலைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது.

கருக்கலைப்பை ஊக்கவுரை கடுமையாகக் கண்டிக்கிறது. 24ஆம் பகுதி பெண்களுக்கு இழைக்கப்படும் இழிவுகளையும் எடுத்துக்காட்டி, குழந்தையில்லாத மனைவியர், கைம்பெண்கள் ஆகியோர் படும் வேற்றுமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இது பாராட்டத்தக்க துணிவு. குழந்தையின்மை ஒரு தம்பதியரை எப்படி ஊர்ப் பேச்சுக்கு இரையாக்குகிறது என்பதைத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' என்னும் புதினம் 2010இல் காட்டியது. அதற்கு எழுந்த எதிர்ப்பையும், 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றதையும் நாம் அறிவோம். குழந்தையில்லை என்பதற்காக ஒரு மனைவியை ஒதுக்குவதும், பெண்ணாய்ப் பிறந்ததற்காக ஒரு மகளை ஒதுக்குவதும் ஒரே வேரின் இரு கிளைகள். மகன் வழியாகவே குலம் என்பது அவ்வேர். மகளைக் கொன்ற கை பெரும்பாலும் கொடிய கை அன்று. வரதட்சிணைக்கு அஞ்சிய கை, மாமியாருக்கு அஞ்சிய கை. ஆகவே கொலையைக் கண்டிப்பதோடு நில்லாமல் வரதட்சிணையைச் சபை கண்டித்தாக வேண்டும். சிசுக்கொலையை எதிர்த்துப் பிரசங்கித்துவிட்டு, நகையும் ரொக்கமும் பேசி முடித்த திருமணத்தை மறுவாரம் ஆசீர்வதிக்கும் குருவானவர், தம் பிரசங்கத்தைத் தாமே மறுக்கிறார்.

5. ஒரு திருத்தம்

திருத்தந்தை பிரான்சிஸின் 2016ஆம் ஆண்டு ஊக்கவுரை இக்குறைகளில் சிலவற்றை உணர்ந்துள்ளது. சங்கீதம் 128இன் வீட்டைக் கொண்டு தொடங்கி, உடனே வன்முறை, உழைப்பு, வேலையின்மை முதலியவற்றை நோக்கித் திரும்புகிறது. திருமணத்தைப் பற்றி மிகவும் அருவமான ஓர் இலட்சியத்தையே சிலவேளை முன்வைத்தோம், உண்மை நிலைகளிலிருந்து விலகி நின்றோம் என்னும் கருத்தை 36ஆம் பகுதி மனந்திறந்து ஒப்புக்கொள்ளுகிறது. ஒரு திருச்சபை தன் போதனை முறையைத் தானே இவ்வாறு நியாயந்தீர்ப்பது நாமும் கற்க வேண்டிய பண்பு.

நமக்கு இன்னும் பயன்தருவது 185, 186ஆம் பகுதிகள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தைக் குடும்பத்தோடு அங்கே இணைத்துப் பார்க்கிறார். ஏழையைப் பசியோடு விட்டுவிட்டு உண்பவர் கர்த்தருடைய சரீரத்தை நிதானித்து அறியாதவர் என்பது பவுலின் தீர்ப்பு. பிரிவினைகளைப் பேணும் குடும்பமும் திருவிருந்தைத் தகுதியின்றிப் பெறுகிறது என்பதே இதனால் பெறப்படும் முடிவு. அந்நூல் சாதி என்ற சொல்லைக் கொண்டு இம்முடிவை விரிக்கவில்லை. விரிக்க வேண்டியவர்கள் நாம். வீட்டுப் பந்தியில் யார் உட்காரலாம் என்பதும், ஆலயப் பந்தியில் யாருக்கு அப்பம் என்பதும் ஒரே கேள்வி.

6. நம்மைக் குறித்து

கத்தோலிக்கரின் கண்ணில் துரும்பைக் காட்டியாயிற்று. நம் கண்ணில் உத்திரம் உண்டு. சென்னை மிஷனெரி மாநாடு 1850இல் சாதியைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் சபையார் திருமணத்துக்கு மணமக்களைத் தேடும் விளம்பரங்களில் சாதிப் பெயர் மறையவில்லை. அறிக்கை எழுதினோம், வீட்டுக்குள் கொண்டு செல்லவில்லை.

ஊழியத்துக்காகக் குடும்பத்தை இழப்பதை நாம் புகழ்ந்தும் வந்திருக்கிறோம். இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் துணைவியார் எவலினும் பணிபுரிந்தனர். 1923இல் தம் மகன் பாலையும் மகள் கானியையும் கல்விக்காக இங்கிலாந்தில் விட்டு மலைக்குத் திரும்பினர். 1929இல் தகப்பனார் காய்ச்சலால் மரித்தார். பிள்ளைகள் அவரை மீண்டும் காணவேயில்லை. எவலின் அம்மையார் 1974இல் மரிக்கும்வரை மலைவாழ் மக்களிடையே உழைத்தார். மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்படுத்தும் மருத்துவரானார். இவ்வரலாற்றின் மேன்மையை யார் மறுப்பார்? ஆனாலும் அதை நாம் சொல்லும்போது, ஒன்பது வயதுச் சிறுவனின் இழப்பை விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஊழியமும் குடும்பமும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை என்னும் கத்தோலிக்கப் போதனையின் வற்புறுத்தல் இவ்விடத்தில் நமக்குத் தேவையான மருந்து. மாலைதோறும் சபையாரின் வீடுகளில் ஜெபித்துவிட்டுத் தம் பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்பும் ஆயர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

முடிவுரை

குடும்பம் ஒரு திருச்சபை என்றால், திருச்சபைக்குரிய அனைத்தும் அதற்கும் உரியவை. ஜெபமும் போதனையும் மட்டுமல்ல, பாவ அறிக்கையும் மனந்திரும்புதலும் சீர்திருத்தமும் அதற்கு உரியவை. திருச்சபை எப்பொழுதும் சீர்திருத்தப்பட வேண்டியது என்பது நம் மரபு. இல்லத் திருச்சபைக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு எங்கே? இதுவே கத்தோலிக்க அன்பர்களின் போதனைக்கு நாம் பணிவுடன் சேர்க்க விரும்பும் ஒரு வரி.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? தறித் தெருவில் ஊழியம் செய்கிறவர் ஷிப்டு மாறும் நேரத்தை அறிந்து, அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டு ஜெபத்தை அமைக்கலாம். லாரி ஓட்டுநரின் மனைவியைத் தனித்து விடப்பட்டவளாகக் கருதி இரங்குவதை விட்டு, அவ்வீட்டின் ஊழியக்காரியாக மதிக்கலாம். திருமண ஆயத்த வகுப்பில் வரதட்சிணையையும் சாதியையும் பெயர் சொல்லிப் பேசலாம். பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே சபை முழுவதும் சென்று நன்றி ஆராதனை நடத்தலாம். கடனில் வீழ்ந்த குடும்பத்துக்காகச் சபை நிதியில் ஒரு பங்கை ஒதுக்கலாம். அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இவற்றுள் சிலவற்றில் நமக்கு முன்னோடிகள். அவர்களோடு சேர்ந்து செய்வதில் வெட்கமில்லை.

இரவு ஷிப்டு முடிந்து வரும் கணவனுக்கு, பகல் ஷிப்டுக்குப் புறப்படும் மனைவி சோறு எடுத்து வைத்து மூடுகிறாள். இருவரும் வாசலில் சந்திப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொல்ல நம் இறையியலுக்கு ஏதேனும் உண்டா என்பதே கேள்வி. உண்டு என்று நாம் விசுவாசிக்கிறோம். அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளும் பொறுப்பு, இதைப் படிக்கும் ஆயர்களுடையதும் மாணவர்களுடையதும் ஆகும்.